அம்பலவாணர் இன்றைக்கும் செத்துப்போனார்

தனுசியாவின் கையில் அம்பலவாணர் அன்றைக்கும் செத்துப்போனார். ஈரலுக்குக் கீழே இருந்த மெல்லிய இரத்தநாடி ஒன்று பிய்ந்து, கண்ணாடிக்குள்ளே பார்த்த பக்கமெல்லாம் சிவப்பாகி, கடைசியில் ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் வெகு மரியாதையாகக் கேட்டது: நோயாளி இறந்துவிட்டார், மறுபடியும் தொடங்க விருப்பமா? அந்த மரியாதைதான் தனுசியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆளைச் சாகக் கொடுத்துவிட்டு நிற்கிறவளிடம் தேத்தண்ணி வேணுமோ என்று கேட்கிற மாதிரி ஒரு குரல்.

தலையில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றினாள். கதவடியில் நவமணி சிஸ்டர் நின்றா.

"இண்டைக்கும் போயிட்டாரோ?"

"போயிட்டார்."

"பாவம் மனிசன். பென்சனை நிம்மதியா ஒரு வருசம் எடுக்கேல்லை."

இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சத்திரசிகிச்சை வாட்டுக்கும் அந்த அறைக்கும் நடுவில் வெறும் பலகை மறைப்புத்தான் இருக்கிறது என்பதை அந்த நேரம் இரண்டு பேரும் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் இந்தக் கதை நடந்திராது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்படியொரு அம்பலவாணர் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த பயிற்சிக் கருவிக்குள் கிடந்த பொய் வயிறு அது. கண்ணாடியைத் தலையில் மாட்டி, இரண்டு கைப்பிடிகளைப் பிடித்தால் போதும், நீங்கள் சத்திரசிகிச்சைக் கூடத்தில் நிற்பீர்கள். முன்னால் ஓர் ஆள் கிடப்பார். வெட்டினால் இரத்தம் வரும். இழுத்தால் பிய்யும். வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, கமராவை உள்ளே விட்டுப் பித்தப்பையை எடுக்கிற வித்தையை உயிருள்ள ஆளிடம் போவதற்கு முன் இதில் பழகவேண்டும். நல்ல கருவிதான். ஒரே குறை, அதற்குள் கிடந்த ஆட்களுக்கு இலக்கம் மட்டுந்தான் இருந்தது.

அது டொக்டர் ஹரோல்டின் கூடத்தில் சரிவராது. மெதடிஸ்த குடும்பத்தில் ஒழுங்காக வளர்ந்த மனிதர் அவர். கத்தி வைக்க முதல் எல்லாரும் கையை அசைக்காமல் நிற்கவேண்டும். படுத்திருக்கிறவரின் பெயர், ஊர், என்ன செய்யப்போகிறோம் என்பதை ஒருவர் வாய்விட்டுச் சொல்லவேண்டும். அந்த இடைவெளிக்குள் அவர் மனசுக்குள்ளே ஒரு செபம் சொல்லி முடித்துவிடுவார். கருவியில் பழகும்போதும் இதே ஒழுங்குதான். முதல் நாள் தனுசியா எழும்பி "மூன்றாம் நோயாளி" என்று தொடங்க, நவமணி சிஸ்டருக்கு வந்ததே கோபம்.

"பேரும் ஊரும் இல்லாத ஆளை வெட்டிறதுக்கு இதென்ன இறைச்சிக்கடையோ? அம்பலவாணர் எண்டு சொல்லுங்கோ. உடுப்பிட்டி. ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியார்."

இவ்வளவு விபரமான ஆளை அவ எங்கே பிடித்தா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக ஆளுக்கொன்றாகச் சேர்த்தார்கள். மயக்கமருந்து கொடுக்கிறவர் அம்பலவாணருக்கு லண்டனில் ஒரு மகனைக் கொடுத்தார். அந்த மகன் போன் எடுக்கிறதேயில்லை. ஒரு தாதி அவருக்குச் சீனி வருத்தம் கொடுத்தாள். பக்கத்து வளவுக்காரனோடு வேலிச்சண்டை ஒன்றும் வைத்தார்கள், வேலிச்சண்டை இல்லாத வடமராட்சி ஆளை ஆர் நம்புவான்? இப்படி மனிதர் நாளுக்கு நாள் உருப்பெற்று வர, தனுசியா நாளுக்கு நாள் அவரைச் சாக்காட்டிக்கொண்டிருந்தாள்.

இதிலே சிரிப்பு இருந்த அளவுக்கு வயிற்றெரிச்சலும் இருந்தது. வியாழக்கிழமை தம்பிஐயா என்ற கொடிகாமத்து மரக்கறி வியாபாரிக்குப் பித்தப்பை எடுக்கவேண்டும். "நீ செய், நான் கமரா பிடிக்கிறன்" என்று டொக்டர் ஹரோல்ட் தனுசியாவிடம் சொல்லியிருந்தார். ஆனால் அதற்கு முதல் அவள் அம்பலவாணரை ஒருதரமாவது உயிரோடு கரைசேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அவளோடு பழகுகிற மற்றப் பயிற்சி டொக்டர் றொபின் செய்வான். றொபின் கருவியில் எப்போதோ வென்றுவிட்டான்; எடுத்த நேரத்தையும் பெருமையாகச் சொல்லித் திரிந்தான். தனுசியாவுக்கோ இந்தப் பிரிவில் கொடுத்த காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. அடுத்து அவளைப் போடப்போகிற ஆஸ்பத்திரியில் இந்த வசதி ஒன்றும் இல்லை. இவ்வளவு காலமும் மற்றவர்கள் செய்ய அவள் கமரா பிடித்தாள். கலியாணவீட்டில் மாப்பிள்ளைக்குக் குடை பிடிக்கிற வேலை அது, எல்லாம் பக்கத்திலே நடக்கும், ஒன்றும் உன்னுடையதில்லை. இந்த ஒரு பித்தப்பை தன்னுடையதாக வேண்டும் என்று அவளுக்கு வெட்கங்கெட்ட ஆசை.

ஆசைதான் கையைக் கெடுத்தது. கண்ணாடிக்குள் ஒரு மூலையில் மணிக்கூடு ஓடும். அதைக் கண்டால் அவளுக்கு றொபினின் முகம் தெரியும். உடனே இடக்கை அவசரப்பட்டுப் பித்தப்பையை ஓர் இழுவை இழுக்கும். அதோடு அம்பலவாணர் காலி.

சிஸ்டரோடு சிரித்த அன்றைக்கே, புதன்கிழமை பின்னேரம், அவள் தம்பிஐயாவைப் பார்க்கப் போனாள். பலகை மறைப்போடு ஒட்டிய கட்டில் அவருடையது. மனிதர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"ஐயா, நாளைக்குக் காலமை..."

"என்னிலை கை வைக்கிற வேலை வேண்டாம் பிள்ளை."

"ஏன் ஐயா? நேற்று ஓம் எண்டு சொன்னனீங்களெல்லோ?"

தம்பிஐயா மெதுவாகத் திரும்பினார். "ஒரு வாத்தியாரைச் சாக்காட்டினது காணாதோ உனக்கு? எனக்கு எல்லாம் கேட்டது, பேரும் ஊரும் சொல்லித்தானே வெட்டினியள். உடுப்பிட்டி அம்பலவாணர் மாஸ்ரர் என்ரை மனிசிக்குப் பெரியையா முறை!"

அந்த இடத்தில் தனுசியா ஒன்றுமட்டும் செய்திருக்கக் கூடாது. அதைத்தான் செய்தாள். சிரித்துவிட்டாள். அடக்க அடக்க மூக்கு வழியாகவும் வந்தது.

"பாருங்கோ, பாருங்கோ!" தம்பிஐயா பக்கத்துக் கட்டில்காரரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். "ஆள் செத்ததுக்குச் சிரிக்கிறாள். உவளிட்டையோ நான் வயித்தைக் குடுக்கிறது? அந்தப் பெடியன் றொபின் செய்யட்டும்."

சிரிப்பு அப்படியே நின்றது. அவள் விளக்கம் சொல்ல வாயெடுக்க, விறாந்தையில் பெரிய சத்தம் கேட்டது.

நோயாளரைப் பார்க்கிற நேரம் தொடங்கியிருந்தது. தம்பிஐயாவின் மனைவி ஞானாம்பிகை ஒரு படையோடு வந்துகொண்டிருந்தா. அவவின் தமையன் இராசநாயகத்தின் கையில் ஒரு மலர்வளையம். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் செத்தவீட்டுக்கு உடுத்த வெள்ளையில். எல்லாருக்கும் முன்னால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒல்லியான கிழவர் ஒருவர் கண்ணீர் அஞ்சலிப் பதாகை ஒன்றைத் தன் கையாலேயே விரித்துப் பிடித்தபடி வந்தார். பதாகையில் இருந்த முகமும் அதற்கு மேலே தெரிந்த முகமும் ஒன்று.

"நான் அம்பலவாணர்," என்றார் கிழவர். "என்னை இஞ்சை ஆர் சாக்காட்டினது?"

நடந்தது இதுதான். தம்பிஐயா காலையிலேயே போனில் செய்தி சொல்லிவிட்டார். இராசநாயகம் எதற்கும் பிந்தாத மனிதர். நெல்லியடியில் பதாகை அடித்து, மலர்வளையம் எடுத்து, ஓட்டோக்களில் சனத்தை ஏற்றிக்கொண்டு உடுப்பிட்டிக்குப் போயிருக்கிறார். படலையைத் திறந்தது அம்பலவாணர் மாஸ்ரர். கையில் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணி விடுகிற குழாய். வந்தவர்களை ஒருதரம் பார்த்தார், பதாகையை ஒருதரம் பார்த்தார், அதில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தச் சொன்னார், பிறகு அதே ஓட்டோவில் ஏறி வந்துவிட்டார்.

வாட்டே எழும்பி உட்கார்ந்தது. நவமணி சிஸ்டர் துணித்திரைக்குப் பின்னால் மெல்ல ஒதுங்குவதை அவள் கண்டாள். மாஸ்ரரும் கண்டுவிட்டார்.

"ஆரது? எட்டாம் வகுப்பு நவமணியோ?"

ஆஸ்பத்திரியே பயப்படுகிற நவமணி சிஸ்டர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு வெளியே வந்தா.

"ஓம் மாஸ்ரர்."

"உலகத்திலை உனக்கு வேறை பேர் கிடைக்கேல்லையோ?"

"வெட்டிறதுக்கு ஒரு ஆள் வேணும் எண்டோடனை உங்கடை பேர்தான் மாஸ்ரர் வாயிலை வந்தது. நீங்கள் அடிச்ச அடி அப்பிடி."

சத்தம் கேட்டு வந்த டொக்டர் ஹரோல்ட் சுவரில் ஒட்டியிருந்த டெங்கு நுளம்பு ஒழிப்பு விளம்பரத்தை வெகு கவனமாகப் படிக்கத் தொடங்கினார். அவருடைய தோள் குலுங்குவது எல்லாருக்கும் தெரிந்தது.

மாஸ்ரர் லேசில் விடவில்லை. தான் செத்த இடத்தைப் பார்க்கவேண்டும் என்று நின்றார். டொக்டர் ஹரோல்ட் ஓம் என்று தலையாட்ட, எல்லாரும் அந்தச் சின்ன அறைக்குள் முட்டுப்பட்டுக்கொண்டு நுழைந்தார்கள். கண்ணாடிக்குள் தெரிவதைச் சுவரில் இருந்த திரையிலும் பார்க்கலாம். தனுசியா மாஸ்ரரின் தலையில் கண்ணாடியை மாட்டினாள்.

"என்ரை வயிறு இவ்வளவு வெள்ளையில்லை," என்றார் மாஸ்ரர். கைப்பிடியைக் கொஞ்சம் அசைத்தார். திரை சிவந்தது. மரியாதையான குரல் வந்தது.

"என்னவாம்?"

"செத்திட்டீங்களாம், மாஸ்ரர்."

"நானே என்னைச் சாக்காட்டிப்போட்டனோ?" மனிதருக்குச் சந்தோசம் தாங்கவில்லை, பெரிய புளுகம். இன்னொருதரம் செய்தார். பிறகு இராசநாயகம் மலர்வளையத்தை ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டுத் தானும் செய்தார். அம்பலவாணர் இன்னும் கெதியாகச் செத்தார். தம்பிஐயா சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு கட்டிலால் இறங்கி வந்துவிட்டார். கத்தரிக்காய் நறுக்கிற மாதிரித்தானே என்று தொடங்கி ஈரலையே கிழித்துவிட்டு, "இன்னொருக்கா தாங்கோ, இப்ப பிடிபட்டிட்டுது" என்று கண்ணாடியைத் தரமாட்டேன் என்று நின்றார். அறை முழுக்க ஒரே சிரிப்பு. செத்தவீட்டுக்கு வெளிக்கிட்டு வந்த சனம் அது என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

மாஸ்ரர்தான் கையைத் தட்டி அடக்கினார்.

"சரி, காணும். இனி இந்தப் பிள்ளை செய்யட்டும். பிள்ளை, படிப்படியாச் செய். ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லோணும். விடையை மட்டும் காட்டினால் நான் புள்ளி போடமாட்டன்."

தனுசியா டொக்டர் ஹரோல்டைப் பார்த்தாள். அவர் இப்போது சிரிக்கவில்லை. இதுவே அவளுடைய கடைசிச் சந்தர்ப்பம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கதவடியில் றொபினும் வந்து நின்றான். அவள் கண்ணாடியை மாட்டினாள்.

"அம்பலவாணர், உடுப்பிட்டி," என்று நவமணி சிஸ்டர் மெல்லிய குரலில் சொன்னா. "பித்தப்பை."

"பிறசன்ற்," என்றார் மாஸ்ரர்.

அவள் தொடங்கினாள். "இது ஈரல். இதைத் தூக்கிப் பிடிக்கிறன். கீழை பச்சையாத் தெரியிறது பித்தப்பை."

"ஏன் பச்சை?" ஞானாம்பிகையின் குரல்.

"உள்ளுக்குப் பித்தம் இருக்கு அம்மா, அதுதான். இப்ப இடக்கையாலை மெல்லமாப் பிடிக்கிறன். இதிலை இரண்டு குழாய் போகுது. ஒண்டைத்தான் வெட்டலாம், மற்றதைத் தொட்டால் ஆள் தப்பாது."

"எது எதெண்டு என்னெண்டு தெரியும்?" இது தம்பிஐயா. குரலில் பகிடி இல்லை.

"சுத்தியிருக்கிற கொழுப்பை எல்லாம் விலக்கிப்போட்டுத்தான் பாக்கோணும் ஐயா. வடிவாத் தெரியுமட்டும் வெட்டக்கூடாது. பொறுங்கோ, விலக்கிறன்."

ஒவ்வொன்றையும் ஒவ்வொருவருக்கும் சொல்லவேண்டியிருந்தது. சொல்லி முடிய முதல் கை போக முடியவில்லை. மூலையில் மணிக்கூடு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை, இராசநாயகம் கல்லு எங்கே கல்லு எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நாடி வந்தது. "இந்த இடத்திலைதான் நான் எப்பவும் இழுக்கிறனான்," என்று அவளையறியாமல் வாயால் வந்தது. "இழுக்காதை," என்று ஒரு வாட்டு முழுக்கச் சொன்னது. அவள் இழுக்கவில்லை. கவ்வி போட்டாள், வெட்டினாள், பித்தப்பையை ஈரலிலிருந்து மெல்லமாகப் பிரித்தாள், வெளியே எடுத்தாள்.

குரல் வந்தது. சத்திரசிகிச்சை நிறைவுற்றது, நோயாளி நலம்.

"என்னவாம்?"

"தப்பிட்டீங்களாம், மாஸ்ரர்!"

பிறகு அங்கே நடந்ததை ஒழுங்காகச் சொல்ல ஏலாது. மாஸ்ரர் எல்லாருக்கும் கை கொடுத்தார், தன் உயிரை மீட்டவளுக்கு மட்டும் இரண்டுதரம். நவமணி சிஸ்டர் மாஸ்ரரைக் கட்டிப்பிடித்துவிட்டு அதற்குப் பிறகு பயந்துபோனா. மலர்வளையத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கருவியின் மேல் வைத்தார்கள். றொபின் கூடக் கை தட்டினான்.

தம்பிஐயா மட்டும் கட்டிலுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்திருந்தார். தனுசியா அவர் முன்னால் போய் நின்றாள்.

"உண்மையைச் சொல்லு பிள்ளை. அந்தாளை எத்தினை தரம் சாக்காட்டியிருப்பாய்?"

டொக்டர் ஹரோல்ட் தொண்டையைச் செருமினார். சமாளித்துச் சொல் என்பதற்கு அது அடையாளம். அவளுக்குச் சமாளிக்க மனம் வரவில்லை.

"எண்ணேல்லை ஐயா. கனதரம். இண்டைக்குக் காலமையும்."

"அப்ப நான் உன்னை என்னெண்டு நம்புறது?"

"உள்ளுக்கை எந்தெந்த இடத்திலை ஆள் சாகும் எண்டு எனக்குத் தெரியும் ஐயா. எல்லா இடத்துக்கும் போய் வந்திட்டன்."

தம்பிஐயா அவளை நெடுநேரம் பார்த்தார். சந்தையில் சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தே பழகிய கண். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"நாளைக்கும் உப்பிடிக் கதைச்சுக் கதைச்சே செய்," என்றார். "எனக்குக் கேக்காட்டிலும் பரவாயில்லை."

வியாழக்கிழமை அவள் கதைத்துக் கதைத்தே செய்தாள். உயிருள்ள வயிறு கருவியில் கண்ட வயிறு இல்லை. மூச்சோடு அது ஏறி இறங்கியது, ஒவ்வொன்றும் கொஞ்சம் இடம் மாறிக் கிடந்தது, மறுபடி தொடங்க விருப்பமா என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. பயந்தாள். பயத்தையும் வாய்விட்டே சொன்னாள். டொக்டர் ஹரோல்ட் கமராவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாடி பிய்யவில்லை. பித்தப்பை வெளியே வந்தது, உள்ளே கல்லுக்கல்லாக. தம்பிஐயாவின் மூச்சு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

"வெளியிலை மனிசி நிக்கிறா," என்றார் டொக்டர் ஹரோல்ட் கையுறையைக் கழற்றிக்கொண்டு. "போய்ச் சொல்லு. செய்த ஆள்தான் சொல்லோணும்."

தனுசியா கை கழுவும்போது சிரித்தாள். விறாந்தையில் சிரித்தாள். கால் நிலத்தில் படவில்லை. கதவைத் திறந்தாள். ஞானாம்பிகை நெற்றி நிறையத் திருநீற்றோடு நின்றா. பின்னால் இராசநாயகமும் சனமும்.

"பிள்ளை?" என்றா ஞானாம்பிகை.

அந்தக் கருவி அவளுக்கு எல்லாம் பழக்கியிருந்தது, இதைப் பழக்கவில்லை. அங்கே முடிவைச் சொல்ல ஒரு குரல் இருந்தது. இங்கே இவ்வளவு காலமும் டொக்டர் ஹரோல்ட் சொல்வார், அவள் பின்னால் நிற்பாள். இப்போது அவளுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை, முன்னால் இந்த முகம் மட்டும். வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. கண்ணீர் பொலபொலவென்று வந்தது.

ஞானாம்பிகை அதைப் பார்த்தா. இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டா.

"ஐயோ, என்ரை ராசா! என்னைத் தனிய விட்டிட்டுப் போட்டியேயப்பா!"

சனம் முழுக்கக் குழறத் தொடங்கியது. இராசநாயகம் போனைக் காதில் வைத்துவிட்டார்.

"இல்லை! இல்லை அம்மா!" தனுசியா அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தினாள். "இருக்கிறார்! நல்லா இருக்கிறார்! போனை வையுங்கோ ஐயா! இன்னுங் கொஞ்சத்திலை முழிச்சிடுவார்!"

ஞானாம்பிகை பாதி ஒப்பாரியில் நின்றா. "இருக்கிறாரோ?"

"ஓம் அம்மா."

"அப்ப நீ ஏன் அழுதனி?"

"சந்தோசத்திலை அம்மா. நான்... நான்தான் செய்தனான். முதல்தரம்."

"சந்தோசமெண்டால் அதைச் சொல்லிப்போட்டெல்லோ அழோணும், விசரி!" ஞானாம்பிகை அவளுடைய தோளில் ஒன்று போட்டா. "எனக்குச் சீவன் போய் வந்திட்டுது."

அடித்த கையாலேயே அவளை இழுத்து அணைத்து, சேலைத் தலைப்பால் முதலில் அவளுடைய முகத்தைத் துடைத்துவிட்டா. பிறகு அவவும் அழத் தொடங்கினா.

"இது சந்தோசம்," என்று சனத்துக்குச் சொல்லிவிட்டு அழுதா.